பிரம்பு வாள் விளையாட்டுக்கு கவசம் செய்யேக்க விடுற பிழையள்

கூத்தில பண்டாரவன்னியன் வேசத்துக்கு செய்யிற கவசம் மினுங்கினா காணும். பிரம்பு வாளால உண்மையா அடிபட்டு விளையாடுறதுக்கு செய்யிற கவசம் அப்பிடி இல்ல, அது அடி வாங்கோணும். வன்னியில இப்ப இதில ஆசப்பட்டு இறங்கிற பெடியள் கனபேர் முதல் நாளே தகரம் வெட்ட வெளிக்கிடுவினம், அங்கதான் முதல் பிழை. தகடு அடிய பரப்பித்தான் விடும், மிச்சத்த வாங்கிறது உள்ளுக்க இருக்கிற மெத்தை. 15ஆம் நூற்றாண்டில பிரான்ஸ் அரசன் 11ஆம் லூயி தன்ர படைக்கு சொன்ன சட்டையே 25, 30 மடிப்புத் துணிதான். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், இந்த வெக்கைக்கு தாங்காது. பழைய பருத்திச் சாரம், பெட்சீற் பத்துப் பன்னெண்டு மடிப்பா அடுக்கி ரெண்டு இஞ்சிக்கு ஒரு கோடு தைச்சாலே நல்ல சட்டை, முழங்கை முழங்காலுக்கு மட்டும் இன்னும் தடிப்பா வையுங்கோ.

என்னோட விளையாடுற தம்பி ஒருத்தன் முழங்கைக்கு வடிவா இரும்புக் கிண்ணி அடிச்சு அத நேர தோலில கட்டிக்கொண்டு வந்தவன், ரெண்டாவது அடியிலயே கை விறைச்சு பிரம்ப விட்டுட்டான், பின்னேரம் பாத்தா கிண்ணியின்ர விளிம்பு அப்பிடியே நீல வட்டமா முழங்கையில பதிஞ்சு கிடக்குது.

அளவும் அந்த மெத்தச் சட்டைய போட்டுட்டுத்தான் எடுக்கோணும். நேரா நிண்டு எடுத்தா நெஞ்சுத்தகடு குனியேக்க தொண்டையில குத்தும். முதல்ல பெட்டி மட்டையில வெட்டிக் கட்டிப்பாத்து, குந்தி எழும்பி, கைய தலைக்கு மேல தூக்கிப் பாருங்கோ.

நீல பிளாஸ்ரிக் பரல வெட்டி சின்னச் சின்னத் துண்டாக்கி ஓட்டை போட்டு நைலோன் கயிறால கோக்கிறது நல்ல வழி, பாரமும் இல்ல, கறளும் பிடியாது. ஆனா அந்தப் பரலுக்க முதல் என்ன இருந்ததெண்டு தெரியாம வாங்காதேங்கோ. வயல் மருந்து, அசிட் இருந்த பரல் எத்தின தரம் கழுவினாலும் வேண்டாம், வேர்வையோட உடம்பில கிடக்கப்போற சாமான். பி.வி.சி. குழாய நெருப்பில வாட்டி வளைக்கிறதும் வேண்டாம், கருகினா வாற புகை நெஞ்சைப் பிடிக்கும். நாகம் (சிங்க்) பூசின தகரத்த வெல்டிங் பண்ணினாலும் அந்தப் புகையில காய்ச்சல் வரும்.

இரும்பு தேடி காட்டுக்க போகாதேங்கோ. இத எத்தின தரமும் சொல்லுவன். மிதிவெடியும் வெடிக்காத செல்லும் இன்னும் எடுத்து முடியேல்ல, மண்ணுக்க தெரியிற வடிவான தகடு என்னெண்டு உங்களுக்கு தெரியாது. கடையில காசு குடுத்து வாங்குங்கோ.

தலைக்கு மோட்டச்சைக்கிள் ஹெல்மெட் காணும் எண்டு நினைக்கிறது பெரிய பிழை. அதுக்குள்ள இருக்கிற றெஜிபோம் (வெள்ளை நுரை) ஒரு தரம் நசுங்கினா நசுங்கினதுதான், திருப்பித் திருப்பி விழுற அடிக்கு செய்தது இல்ல. 1966இல அமெரிக்காவில துவங்கின சங்கம் ஒண்டு இந்த விளையாட்ட இண்டைக்கும் நடத்துது, அவையின்ர கணக்கில தலைக்கவசம் ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் உருக்கு, முகக் கம்பிக்குள்ளால ஒரு இஞ்சி தடிப்பான தடி போகக்கூடாது. கூரைத் தகரம் அதில பாதியும் வராது. தொண்டையையும் பின்கழுத்தையும் கனபேர் மறந்துபோயினம், மறக்கக்கூடாத இடமே அதுதான்.

வாளுக்கு பிரம்புதான். மூங்கில் பிளந்து சிலாம்பு முகக் கம்பிக்குள்ளால கண்ணுக்க போகும்.

மத்தியானத்தில விளையாடாதேங்கோ, விடிய இல்லாட்டி வெயில் தாழ்ந்தாப்பிறகு. தலை சுத்தினா அந்த இடத்திலயே நிப்பாட்டி தலைக்கவசத்த கழட்டுங்கோ. வார்க்கட்டையும் முதுகுப்பக்கம் வைக்காம விலாப்பக்கம் வையுங்கோ, ஒருக்கா மயங்கி விழுந்த பெடியன பிரட்டி பின்கட்டு அவுக்கேலாம கடைசியா கத்தியாலதான் வெட்டி எடுத்தனாங்கள்.