கட்டுப் பிரித்ததோடு முடிவதில்லை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற எங்கள் பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலை யார்டைக் கழுவிவிட்டு, அந்த ஈரத்திலேயே விளக்கேற்ற அவசரமாக வந்து, வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். வயது 58. மணிக்கட்டு முள்கரண்டியின் முதுகு மாதிரி வளைந்து நின்றது. நாங்கள் என்ன செய்தோம்? மஞ்சள் பற்றுப் போட்டோம், எதிர்வீட்டு அக்கா வந்து நீவிவிட்டார், வளையலை மட்டும் யாரும் கழற்றவில்லை. வீக்கம் ஏறிய பிறகு இரண்டு தங்க வளையலையும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கையில் அடிபட்டால் முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். நீவவே கூடாது.

பெரிய தப்பு அதற்கு அப்புறம்தான். எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை ஆறு வாரத்தில் பிரித்தார்கள், "தரை ஈரம், விழுந்துட்டேன்" என்று பேச்சு முடிந்தது. நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் தரையை மட்டும் திட்டிப் பயனில்லை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அடுத்த சில வருடங்கள் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஐம்பது, அறுபது வயதில் விழும்போது கை முந்திக்கொண்டு தரையில் ஊன்றுகிறது, அதனால் மணிக்கட்டு போகிறது. இன்னும் வயதானால் கை நீள்வதற்குள் இடுப்பு தரையில் மோதிவிடும். மணிக்கட்டு ஒருமுறை முறிந்தவருக்குப் பிற்காலத்தில் இடுப்போ முதுகெலும்போ முறிகிற வாய்ப்பு அதிகம். அதனால் கட்டுப் பிரிக்கிற அன்றே எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளும், எலும்பின் நிலை அந்த ரிப்போர்ட்டில் தெரியாது. ஸ்கேனில் டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தியை இளம் வயதினரோடு ஒப்பிடுகிற எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், என்பார்கள். ஆனால் -1.8 வந்தவர்களுக்கும் மணிக்கட்டு முறியத்தான் செய்கிறது. வயது, முன்பு முறிந்த கதை, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

சாப்பாட்டில், "தினமும் மூணு டீ குடிக்கிறேனே" என்பார் பெரியம்மா. அந்த டீயில் விழுகிற பால் எத்தனை ஸ்பூன்? அதே கையால் டின் மீன் சட்னியில் முள்ளைப் பொறுக்கிப் பூனைக்குப் போடுவார்! மெத்தென்று வெந்திருக்கும் அந்த முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது, மசித்துச் சாப்பிடலாம். அமாசியும் (இங்கே கிடைக்கிற கெட்டியான புளித்த பால்) கேழ்வரகுக் கூழும் நல்லது.

எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒருமுறை போடுகிற அலென்ட்ரோனேட் மாத்திரையை அவர் பால் டீயோடு விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராத மருந்து அது, டீயோடு போனால் இன்னும் வீண். காலையில் எழுந்ததும் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். கால்சியம் மாத்திரையும் அந்த நேரத்தில் கூடாது, சாப்பாட்டோடு பிறகு போடலாம்.

எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) மாறுகிறது, கிறிஸ்துமஸ் லீவு வருகிறது என்று தேதியைத் தள்ளாதீர்கள். ஊசி நின்றால் சேர்ந்த எலும்பு சீக்கிரமே கரைந்து முதுகெலும்பு முறியக்கூடும், நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக என்ன மருந்து என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.