தேவதைக் கதைத் தொடரின் ஒரு எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

தேவதைக் கதைகளை வைத்து எடுக்கும் தொடர்களில், பார்ப்பவருக்குப் பாதிக் கதை முன்பே தெரியும். ஸ்நோ ஒயிட் ஆப்பிளைக் கடிப்பாள், சிண்ட்ரெல்லாவின் செருப்பு கழன்று விழும், இளவரசன் எப்படியும் வந்து சேருவான். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்கிற கேள்வி இங்கே பாதி பலத்தோடுதான் இருக்கும். தெரிந்த கதையை இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பதில்தான் சுவையே இருக்கிறது. உங்கள் விமர்சனமும் அதைத்தான் பிடிக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்களில் பலர் கதைச்சுருக்கத்தை நீட்டி எழுதிவிட்டு, கடைசி வரியில் 'மொத்தத்தில் நல்ல எபிசோடு' என்று முடித்துவிடுகிறார்கள். அதிலிருந்து வெளியே வரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரே எபிசோடை வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2011 முதல் 2018 வரை ஏழு சீசன் ஓடிய 'ஒன்ஸ் அபான் எ டைம்' தொடரில், முதல் சீசனின் 12ஆவது எபிசோடு 'ஸ்கின் டீப்'. ஜேன் எஸ்பென்சன் எழுதியது. 2012 பிப்ரவரி 12 அன்று ஒளிபரப்பானது. தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: மந்திரக் காட்டில் வாழ்ந்த தேவதைக் கதை மாந்தர்கள் ஒரு சாபத்தால் நினைவிழந்து, மெய்ன் மாநிலத்தில் ஸ்டோரிப்ரூக் என்ற சிற்றூரில் சாதாரண மனிதர்களாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை என்று எபிசோடு மாறி மாறிப் போகும். முடிவு வரை பேசப் போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள்

குறிப்பு வேண்டாம், நடுவில் நிறுத்த வேண்டாம், போனைத் தள்ளி வையுங்கள். முடிந்ததும் மனதில் நிற்கும் இரண்டு மூன்று காட்சிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் இப்போது தேவையில்லை. விமர்சனத்தின் விதை பெரும்பாலும் அந்தத் தாளில்தான் கிடக்கும்.

படி 2: மூலக்கதையைத் தேடிப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த வகைத் தொடருக்கு இதைவிட முக்கியமான வேலை கிடையாது. நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் கார்ட்டூன் வடிவம்தான். அதற்கு முந்திய அச்சு வடிவம் வேறு மாதிரி இருக்கும்.

'ஸ்கின் டீப்' இரண்டு கதைகளைப் பின்னுகிறது. ஒன்று, அழகிக்கும் மிருகத்துக்குமான பிரெஞ்சுக் கதை. வில்நெவ் என்ற பெண் எழுத்தாளர் 1740இல் எழுதிய நீண்ட கதையை, போமோன் என்ற இன்னொரு பெண் எழுத்தாளர் 1756இல் சுருக்கினார். மகளுக்காக ஒரு ரோஜாவைப் பறித்த வணிகர் மிருகத்திடம் மாட்டிக்கொள்கிறார். அவருக்குப் பதிலாக மகள் போகிறாள். மற்றொன்று, க்ரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கதை. வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தருகிற குள்ளன், தன் பெயரைச் சரியாகச் சொன்னால், கூலியாகக் கேட்ட குழந்தையை விட்டுவிடுவதாக ராணியிடம் பந்தயம் கட்டுகிறான். நெருப்பைச் சுற்றி ஆடியபடி அவன் தன் பெயரைச் சொல்வதை ராணியின் ஆள் கேட்டுவந்து சொல்ல, அவன் தோற்கிறான்.

இப்போது எபிசோடைப் பாருங்கள். இங்கே மிருகமே ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின்தான். ஊரைக் காப்பாற்ற விலையாக, கதையின் அழகியான பெல்லை அவன் கேட்டதும் அப்பாவும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட காஸ்டனும் தடுக்கிறார்கள். ஊரைக் காப்பாற்றுவதற்காக அவளே முடிவெடுத்துக் கிளம்புகிறாள். பழைய கதையில் பிரச்சினைக்குத் தொடக்கமே ரோஜா. இங்கே அவளைத் தேடி வாசலில் வந்து நின்ற காஸ்டனையே ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் ரோஜாவாக மாற்றி அவள் கையில் கொடுத்துவிடுகிறான். காஸ்டன் போமோன் கதையில் கிடையாது, டிஸ்னியின் 1991 படத்தில் வந்தவன். ஏபிசி டிஸ்னியின் சேனல் என்பதால் இந்தத் தொடருக்கு அந்தச் சொத்தும் கையில் இருக்கிறது. இப்படி எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள், எதை விட்டார்கள் என்று மூன்று தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டாம் தடவை, இரண்டு உலகத்துக்கும் சேர்த்து

இந்த முறை நோட்டோடு உட்காருங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மந்திரக் காட்டையும் வலப்பக்கம் ஸ்டோரிப்ரூக்கையும் காட்சி வரிசையில் எழுதுங்கள், நேரத்தோடு. எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் கோர்க்கிற பொருளோ செயலோ எது என்று தேடுங்கள். நல்ல எபிசோடில் அது கட்டாயம் இருக்கும்.

இங்கே அது ஒரு கோப்பை. கோட்டைக்கு வந்த புதிதில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் சொல்லும் ஒரு கொடூரமான வேடிக்கைப் பேச்சைக் கேட்டுப் பெல் அதைக் கீழே போட்டுவிடுகிறாள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிடுகிறது. அவள் பதறி மன்னிப்புக் கேட்க, வெறும் கோப்பைதானே என்கிறான் அவன். பிறகு அவளை நிலவறையில் அடைத்துவிட்டு, ஆத்திரத்தில் அலமாரியில் இருக்கும் பீங்கானையெல்லாம் அடித்து நொறுக்கும்போது, அந்த ஒரு கோப்பை கைக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறான். அவளை விரட்டிய பிறகு, அவள் இறந்துவிட்டதாகத் தொடரின் வில்லியான ராணி ரெஜினா வந்து சொன்ன பின், பீடத்தில் இருந்த பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோப்பையை வைத்து அழுகிறான். ஸ்டோரிப்ரூக்கில் மிஸ்டர் கோல்டாக இருக்கும் அவன் வீட்டில் திருட்டு நடக்கிறது. மற்றவை திரும்பக் கிடைத்தும் அவன் அடங்கவில்லை. அவன் தேடுவது அதே கோப்பையை.

திருடியவர் பூக்கடைக்காரர் மோ பிரெஞ்ச், மந்திரக் காட்டில் பெல்லின் அப்பா. அவரை அவன் கைத்தடியால் அடிக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். திருட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அடிக்க அடிக்க, 'அவள்' என்று ஒருத்தியைப் பற்றியதாக மாறிவிடுகிறது. அவள் அன்பு கிடைத்தும் நீ அவளை ஒதுக்கினாய் என்று கத்துகிறான். மோவுக்கு ஒன்றுமே புரியவில்லை. நமக்குப் புரிகிறது: அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியவன் அவனும்தான். அவனாக நடித்த ராபர்ட் கார்லைலின் நடிப்பைப் பாராட்ட வேண்டுமானால் 'அபாரம்' என்று எழுதாதீர்கள். அந்தப் பேச்சு திசை மாறும் இடத்தைச் சொல்லுங்கள், போதும்.

படி 4: மந்திரத்தின் விதியைச் சோதியுங்கள்

மந்திரம் இருந்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டால் கதைக்கு முதலுக்கே மோசம். அதனால் தொடர் வகுத்துக்கொண்ட விதிகளைக் கண்டுபிடித்து, இந்த எபிசோடு அவற்றை மதித்ததா என்று பாருங்கள். எல்லா மந்திரத்துக்கும் விலை உண்டு என்பது இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் வசனம். உண்மைக் காதலின் முத்தம் எந்தச் சாபத்தையும் உடைக்கும் என்பது இன்னொரு விதி. முதல் எபிசோடில் ஸ்நோ ஒயிட் விழிப்பதே அதனால்தான்.

பெல் முத்தமிட்டதும் அதே விதி வேலை செய்கிறது, ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் முகம் மனித முகமாக மாறத் தொடங்குகிறது. ஆனால் சாபம் போனால் சக்தியும் போகும். அவன் பின்வாங்கிவிடுகிறான். விதியை மீறாமலே பழைய கதையின் முடிவைத் தலைகீழாக்கிவிட்டார்கள், அதுவும் ஒருவனுடைய பயத்தை வைத்து. இப்படி ஒரு இடம் கிடைத்தால் அதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

படி 5: தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கட்டுரையைத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். 'எனக்குப் பிடித்தது' என்பது தீர்ப்பாகாது. இப்படி இருக்கலாம்: 'அன்பு கிடைத்தும் மிருகமாகவே இருக்க முடிவு செய்த ஒருவனைக் காட்டி, பழைய கதையைவிடக் கசப்பான உண்மையை இந்த எபிசோடு சொல்கிறது.' இனி எழுதும் ஒவ்வொரு பத்தியும் இதற்கு உதவ வேண்டும். உதவாததை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி.

படி 6: எழுதுங்கள்

தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். அப்புறம் கதைச்சுருக்கம், ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள். என் தேர்வு சிறைக் காட்சி. ராணியான ரெஜினா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பிக்குப் பின்னால் இருக்கும் கோல்டிடம் அவன் உண்மைப் பெயரைக் கேட்கிறாள். அதைப் பற்றி இப்படி எழுதலாம்:

'க்ரிம் கதையில் அவன் பெயரை ஒட்டுக்கேட்டுத் திருட வேண்டியிருந்தது. இங்கே அவனே சொல்லிவிடுகிறான், ஒரு உடைந்த கோப்பைக்காக. அந்த ஒரு பதிலில், தனக்குப் பழசெல்லாம் நினைவிருக்கிறது என்று எதிரியிடம் ஒப்புக்கொள்கிறான். பெயரைவிடப் பெரிய ரகசியத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டான்.'

கதையைச் சொல்வதும் கருத்தைச் சொல்வதும் இந்த நான்கு வரியில் ஒன்றாகவே நடக்கின்றன. மூலக்கதையைப் படித்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

குறைகளையும் இதே கவனத்தோடு எழுதுங்கள். ஸ்டோரிப்ரூக்கில் ஸ்நோ ஒயிட்டான மேரி மார்கரெட், சிவப்புத் தொப்பிக்காரியான ரூபி, சிண்ட்ரெல்லாவான ஆஷ்லி மூவரும் காதலர் தின இரவில் வெளியே போகும் கிளைக்கதை, ஆஷ்லியின் காதலன் வந்து திருமணம் கேட்பதோடு சப்பென்று முடிகிறது. கோல்டின் கதைக்குப் பக்கத்தில் அதற்கு எடை இல்லை. மேரி மார்கரெட்டின் காதலன் டேவிட், மனைவிக்கான வாழ்த்து அட்டையை ஆள் மாற்றி அவளிடம் கொடுக்கும் இடம் மட்டும் வலிக்கிறது. கணினியில் உருவாக்கிய பின்னணிகளைக் குறை சொல்வதானால், எந்தக் காட்சியில் எது உறுத்தியது என்று குறிப்பிடுங்கள். 'கிராபிக்ஸ் சுமார்' என்றால் வாசகருக்கு எதுவும் தெரியாது.

படி 7: ஸ்பாய்லர்

பெல் உயிரோடு மருத்துவமனைக்கு அடியில் அடைபட்டிருக்கிறாள் என்பதைக் கடைசிக் காட்சி காட்டுகிறது. இது மாதிரித் திருப்பத்தைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ வைக்காதீர்கள். ஒளிபரப்பாகி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்க உட்காருகிற ஒருவர் எங்கேயாவது இருப்பார். எச்சரிக்கை வரி போட்டுவிட்டு, அதற்குக் கீழே தாராளமாக எழுதுங்கள்.

படி 8: வெளியிடும் முன்

பெயர்களின் எழுத்துக்கூட்டு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆள் இரண்டு உலகத்தில் இரண்டு பெயரோடு வருவதால், எந்தப் பெயரை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதில் குழப்பம் எளிதாக நுழைந்துவிடும். நான் மந்திரக் காட்டில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின், ஸ்டோரிப்ரூக்கில் கோல்ட் என்று பிரித்து எழுதுவேன். பிறகு விமர்சனத்தை வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். வேறு எந்த எபிசோடுக்கும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் காதில் பட்டால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த எபிசோடில் மட்டுமே இருக்கும் ஒன்றை எழுதுங்கள்.