ஸ்பெயின் பேக்பேக்கிங்: கடைசி நாட்களைக் கெடுக்கும் தவறுகள்

நண்பர்கள் சேர்ந்து ஸ்பெயின் போகத் திட்டம் போடும்போது பெரும்பாலும் முதல் வாரத்துக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். பார்சிலோனாவில் எந்த ஹாஸ்டல், சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு எத்தனை மணி டிக்கெட், எந்தச் சந்தையில் என்ன சாப்பிடுவது என்று வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் பேச்சு ஓடும். கடைசி மூன்று நான்கு நாட்கள் என்று வரும்போது மட்டும் "அதை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள்.

இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. கடைசி நாட்களை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். உடம்பு அசந்து, கையில் காசு கரைந்து, ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பொறுமையும் குறைந்திருக்கும் நேரம் அது. முதல் வாரத்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலில் போய்க்கொள்ளலாம். கடைசி நாளில் தவறவிட்டால் ஊர் திரும்பும் விமானமே போய்விடும்.

விமானம் ஓர் ஊரில், முந்தைய இரவு இன்னோர் ஊரில்

இருப்பதிலேயே அதிக செலவு வைக்கும் தவறு இதுதான். பார்சிலோனா, வலென்சியா, கிரனாடா, செவில்லா என்று இறங்கி வந்து மாட்ரிட்டில் விமானம் ஏறுவது பலரும் போகும் வழி. செவில்லாவிலிருந்து மாட்ரிட்டுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். மாலையில் விமானம் என்றால் காலை ரயில் போதுமே என்று தோன்றும். ரயில் ஒழுங்காக ஓடினால் போதும்தான்.

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகலில் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் மின்சாரம் போனது. ரயில்கள் நடுவழியில் நின்றன, கார்டு இயந்திரங்கள் வேலை செய்யவில்லை, பலர் ரயில் நிலையத் தரையிலேயே இரவைக் கழித்தார்கள். அடுத்த வாரமே, மே 4 அன்று, மாட்ரிட்–செவில்லா பாதையில் செப்புக் கம்பிகளை யாரோ திருடிவிட, ஆயிரக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இப்படித் தினமும் நடப்பதில்லை. ஆனால் நடக்கும் நாள் உங்கள் விமான நாளாக இருந்துவிடக் கூடாது. விமானம் ஏறும் ஊருக்கு முந்தைய நாள் மதியமே வந்துவிடுங்கள். ஆளுக்கு 50 யூரோ நோட்டு ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள்.

ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினுக்குள் ஓடிக்கொண்டிருந்த படுக்கை வசதி ரயில்கள் 2020-இல் கொரோனா நேரத்தில் நின்றவைதான், திரும்ப வரவில்லை. இரவுப் பயணம் என்றால் இப்போது பஸ்தான். அதில் வந்து இறங்கும் நாளில் யாருக்கும் எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது.

மாட்ரிட்டில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் இருப்பதையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சிலோனா, செவில்லா, டொலிடோ ரயில்கள் தெற்கே அத்தோச்சாவிலிருந்து புறப்படும். செகோவியா ரயில் வடக்கே சமர்த்தினிலிருந்து. கடைசி முழு நாளில் டொலிடோவோ செகோவியாவோ போய்வர நினைக்கும் குழுக்கள் நிலையத்தை மாற்றிப் போய் நின்றுவிடுகிறார்கள். இரண்டு ஊரும் அரை மணி நேரத் தொலைவுதான், ஆனால் அதிவேக ரயில் ஏறுமுன் பைகளை ஸ்கேனரில் விட வேண்டும். ரயில் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே வாசலை அடைத்துவிடுவார்கள், ரயில் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது. திரும்பி வரும் டிக்கெட்டையும் கையோடு எடுத்துவிடுங்கள். வார இறுதியில் மாலை ரயில்கள் நிரம்பிவிடும்.

விசாவைத் திரும்பப் படியுங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இது முக்கியம். பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசாவில் எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. தேதி இன்னும் இருக்கிறதே என்று இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டால், அனுமதித்த நாட்களைத் தாண்டியவர் ஆகிவிடுவீர்கள். உள்ளே வந்த நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் எந்தத் தேதியில் எல்லையைக் கடக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப் படமும் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நாட்களைக் கணினியே எண்ணிவிடுகிறது, கேட்டுச் சமாளிக்க இடமில்லை.

தெற்கே போகும் குழுக்களுக்கு இன்னொரு ஆசை வரும். தரிஃபா துறையில் நின்றால் எதிரே ஆப்பிரிக்கக் கரை தெரியும், மொராக்கோவின் டான்ஜியருக்குக் கப்பலில் ஒரு மணி நேரம்தான். "காலையில் போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்று யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். ஒருமுறை மட்டும் நுழையலாம் என்ற விசா உங்கள் கையில் இருந்தால், அந்தக் கப்பலில் ஏறிய கணமே ஸ்பெயின் பயணம் முடிந்தது. திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மாட்ரிட்டில் இருக்கும் விமானமும் ஹாஸ்டலில் இருக்கும் பையும் அங்கேயே இருக்கும், நீங்கள் டான்ஜியரில் நிற்பீர்கள். மொராக்கோவுக்குத் தனி விசா தேவை என்பதும் உண்டு. போக வேண்டும் என்றால், பலமுறை நுழையும் விசா வாங்கும்போதே அதை முடிவு செய்திருக்க வேண்டும்.

விட்டதையெல்லாம் கடைசியில் அடைப்பது

பார்க்காமல் விட்ட இடங்களையெல்லாம் கடைசி இரண்டு நாளில் திணிப்பதால் எதுவுமே மனதில் நிற்பதில்லை. ஸ்பெயினில் இதற்கு நடைமுறைத் தடைகளும் உண்டு. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்கு நேரில் போய் டிக்கெட் வாங்கிவிடலாம் என்று நம்பாதீர்கள், வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். உள்ளே நஸ்ரிய அரண்மனைகளுக்கு உங்களுக்கென்று ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அது தவறினால் தோட்டங்களையும் கோட்டையையும் பார்க்கலாம், அரண்மனைக்குள் போக முடியாது. நுழைவாயிலிலிருந்து அரண்மனை வாசலுக்கே கால் மணி நேர நடை. அங்கங்கே நின்று படம் எடுத்துக்கொண்டே போகும் குழுதான் இதில் கோட்டைவிடும்.

மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிக்காசோவின் கெர்னிகா ஓவியத்தைப் பார்க்கவே மாட்ரிட் வந்தவர், அன்றுதான் ஊரில் இருக்கிறார் என்றால் அந்த ஏமாற்றத்துக்கு மருந்தில்லை. மாட்ரிட்டின் இன்னொரு அருங்காட்சியகமான பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை அனுமதி இலவசம், அதற்கேற்ப வரிசையும் நீளும். அசந்த கால்களோடு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட, காசு கொடுத்துக் காலையில் போய், ஓவியர் கோயாவின் படங்கள் இருக்கும் அறைகளை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். எனக்குக் கேட்டால், கடைசி முழு நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம். அதற்கு மேல் வேண்டாம்.

நண்பர்களுக்குள்

எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எழுதாத சட்டம்தான் கடைசி நாட்களில் மனஸ்தாபத்தைக் கொண்டுவருகிறது. ஒருவருக்குத் தூக்கம் வேண்டும், ஒருவருக்குக் கால்பந்து மைதானம், இன்னொருவருக்கு வீட்டாருக்கு ஏதாவது வாங்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒன்றாகவே நடப்பார்கள். அரை நாள் பிரிந்து போங்கள். இத்தனை மணிக்கு இந்த இடத்தில் சாப்பாடு என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் நல்லது, ஸ்பெயின்காரர்கள் சாப்பிடும் நேரம் அது. வார நாட்களில் பல உணவகங்களில் ஒரே விலையில் இரண்டு பதார்த்தம், இனிப்பு, குடிக்க ஒன்று என்று முழு மதியச் சாப்பாடு கிடைக்கும். பிரிந்து போனவர்கள் அந்த மேசையில் சேரும்போது பேச விஷயமும் இருக்கும்.

பணக் கணக்கை விமான நிலையத்தில் பார்க்காதீர்கள். ஊருக்குப் போய் பார்த்துக்கலாம் என்றும் தள்ளாதீர்கள், ஊருக்குப் போனால் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் மறதி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஹாஸ்டல் சமையலறை மேசையில் எல்லோரும் உட்காருங்கள். கசங்கிய ரசீதுகள், போனில் இருக்கும் கணக்கு, பொதுப் பையில் மிச்சமிருக்கும் சில்லறை எல்லாவற்றையும் நடுவில் போடுங்கள். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டியவர் யார், அல்ஹம்ப்ரா டிக்கெட் யார் கார்டில் போனது, யார் மது குடிக்கவில்லை, யார் அந்த ஒரு நாள் வெளியே வரவில்லை என்பதெல்லாம் அப்போது எல்லோருக்கும் நினைவிருக்கும். யூரோவுக்கு என்ன ரூபாய் மதிப்பு வைப்பது என்பதையும் அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் நாணயங்களை அந்தப் பொதுச் செலவிலேயே தீர்த்துவிடுங்கள், பணம் மாற்றும் கடைகள் நாணயத்தை வாங்காது.

கடைசி நேரத்தில் ஏடிஎம்மில் எடுக்க நேர்ந்தால், ரூபாயிலேயே கழித்துக்கொள்ளட்டுமா என்று திரை கேட்கும். யூரோ என்பதையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதத்தில் கழியும்.

அசதியும் பாஸ்போர்ட்டும்

முதல் நாள் எல்லோரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். பத்து நாளில் அந்தப் பயம் போய்விடும், பாஸ்போர்ட் முதுகுப்பையின் மேல் ஜிப்புக்கு வந்துவிடும். பார்சிலோனாவில் லா ரம்ப்லா தெருவும் மெட்ரோவும், மாட்ரிட்டில் சோல் சதுக்கமும் ஞாயிற்றுக்கிழமை கூடும் ரஸ்த்ரோ சந்தையும் ஜேப்படிக்குப் பேர்போனவை. மெட்ரோ கதவு மூடப்போகும் நேரத்தில் முன்னால் ஒருவர் தடுமாறி நிற்பார், பின்னால் ஒருவர் இடிப்பார், இறங்கிவிடுவார்கள். முதுகில் பெரிய பை, முன்னால் சின்னப் பை என்று நிற்பவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது.

பாஸ்போர்ட் போனால் முதலில் போலீஸ் புகார். பார்சிலோனா உள்ளிட்ட கத்தலோனியாவில் அந்த மாநிலத்துக்கென்று தனிப் போலீஸ், மற்ற பெரும்பாலான நகரங்களில் தேசியப் போலீஸ். அவசரத்துக்கு எங்கும் 112. அப்புறம் இந்தியத் தூதரகத்தில் நாடு திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் தொலைந்து சனிக்கிழமை விமானம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலை ஒவ்வொருவரும் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். கடைசி நாட்களில் பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும், சட்டைக்கு உள்ளே.

விமான நிலையமும் கடைசி இரவும்

மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தில் டி1, டி2, டி3 டெர்மினல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. டி4 தள்ளி இருக்கிறது, அங்கே போக இலவச பஸ் உண்டு. டி4-இலிருந்து ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானங்கள் பெரும்பாலும் துணைக் கட்டடத்திலிருந்து கிளம்பும். அங்கே போக நிலத்தடியில் ஓட்டுநர் இல்லாத ரயில், அதன்பின் பாஸ்போர்ட் சோதனை. இதற்கே தாராளமாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாட்ரிட் மெட்ரோவின் 10 பயண அட்டையை ஒரே குழுவில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் விமான நிலையத்துக்கு ஆளுக்கு 3 யூரோ கூடுதல். பார்சிலோனாவின் 10 பயண டிக்கெட்டில் அந்தப் பகிர்வு கிடையாது, ஒருவருக்கு ஒன்று. அதை வைத்து விமான நிலைய மெட்ரோவிலும் போக முடியாது.

கடையில் துணி, செருப்பு, பை என்று வாங்கியிருந்தால் ஸ்பெயினில் குறைந்தபட்சத் தொகை இல்லாமலே வரியைத் திரும்பப் பெறலாம். 2018 முதல் அப்படித்தான். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். அதைப் பெட்டியை ஒப்படைக்கும் முன், டிவா என்று எழுதிய இயந்திரத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள். பெட்டியை அனுப்பிவிட்டுப் போனால், பொருளைக் காட்டு என்று சுங்க அதிகாரி கேட்கும்போது கையில் இருக்காது. பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் அந்த விமான நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே பொருள் கைப்பையில் இருக்கட்டும். ஆலிவ் எண்ணெய்க்கு நேர்மாறு, அது பெரிய பைக்குள் துணி சுற்றிப் போக வேண்டும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் மாறும். அன்று காலை விமானம் என்றால் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

அதிகாலை விமானம்தானே, ஹாஸ்டல் வாடகை மிச்சம் என்று இரவு முழுக்க வெளியே சுற்றிவிட்டு விமான நிலையத் தரையில் படுப்பவர்கள் அதிகம். தூக்கக் கலக்கத்தில் பையைத் தொலைப்பதும் அங்கேதான். படுக்கையை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் மாட்ரிட்டின் தெபோத் கோயிலுக்குப் போங்கள். எகிப்து 1968-இல் ஸ்பெயினுக்குக் கொடுத்த பழங்காலக் கோயில் அது, அந்த மேட்டில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கக் காசு இல்லை. பையைத் தூங்கப்போகும் முன்பே கட்டி முடியுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு டார்மில் பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று மடித்தால் பாவம், மற்ற ஏழு பேரும் எழுந்துவிடுவார்கள்.

மெட்ரோ வழக்கமாக இரவு 1.30-க்கு நின்று காலை 6-க்குத்தான் தொடங்கும். அந்த இடைவெளியில் 203 எண் மஞ்சள் பஸ் இருக்கிறது. பகலில் அத்தோச்சாவிலிருந்தும், இரவில் சிபேலஸ் சதுக்கத்திலிருந்தும் 24 மணி நேரமும் ஓடும், டிக்கெட் 5 யூரோ. சிபேலஸுக்கு நடந்தே போகும் தூரத்தில் 1894 முதல் இருக்கும் சான் ஹினேஸ் கடை இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும். கெட்டிச் சாக்லெட்டில் சுர்ரோஸ் என்ற பொரித்த மாவுப் பலகாரத்தைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடிக்கலாம். ஆளுக்கொரு விமானம் என்றால் யார் எந்த டெர்மினல் என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். பஸ் முதலில் டி1, பிறகு டி2, கடைசியாகத்தான் டி4-இல் நிற்கும்.