தலைக்காயத்துக்குப் பிறகு எங்கே போய்க் கேட்பது?

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் யாரைக் கேட்பது என்று தெரியாமல் வீடே திணறும். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பியோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஃபைல் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன், ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. எனக்குத் தெரிந்து இதைவிட உதவியது வேறில்லை. தம்பி நடக்கிறான், பேசுகிறான். பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனால் பால் நினைவே அவனுக்கு இருக்காது. மதியம் சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டு எடுப்பான். டிவி சத்தத்தோடு நாலு பேர் பேசினால் கத்திவிடுவான். டாக்டர் முன்னால் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பதில் சொல்வான்; இது எதுவும் அங்கே தெரியாது. அதனால் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நினைவு, கவனம், கோபத்தைச் சோதிக்கும் நியூரோசைக்காலஜி டெஸ்டுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மனநல, நரம்பியல் மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸில் அதைச் செய்கிறார்கள்.

பயிற்சிக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையமும், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கின்றன. பிசியோவோடு நிறுத்தாதீர்கள், ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனியாக இல்லை. கை கால் பலவீனமா, பேச்சா, மனநலமா என்று எஞ்சியிருக்கும் பாதிப்பை வைத்துத்தான் தருவார்கள். நோட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் அங்கே கைகொடுக்கும்.

விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

பார்த்துக்கொள்கிறவர்களும் உடைந்துபோவார்கள். அவர்களுக்கு அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மனாஸ், 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டில் அம்மாவைத்தான் முதலில் பேச வைத்தேன்.