தவறிப் போட்ட விலையும் கோபத்தில் போட்ட ஒற்றை ஸ்டாரும்

4,500 ரூபாய் மிக்ஸி 450 ரூபாய் என்று காட்டுகிறது. ஆர்டர் போட்டுப் பணமும் கட்டியாகிவிட்டது. மறுநாள் 'உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது' என்று ஒரு மெசேஜ். அடுத்த நிமிடமே ரேட்டிங் பக்கத்தில் ஒற்றை ஸ்டார்: 'ஃப்ராடு செல்லர், யாரும் வாங்காதீங்க.'

கோபம் புரிகிறது. ஆனால் விலையைத் தவறாகப் போட்டதற்கும், தவறு தெரிந்த பிறகு செல்லர் நடந்துகொண்ட விதத்துக்கும் சேர்த்து ஒரே தண்டனை கொடுத்துவிடுகிறோம். முதலாவது கைத்தவறு. இரண்டாவதில்தான் அந்த வியாபாரி எப்படிப்பட்டவர் என்பது தெரியும். ரேட்டிங் போட வேண்டியது அதற்குத்தான்.

ஆர்டர் போட்டதுமே பொருள் நம்முடையது என்று நினைப்பது

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'ஆர்டர் கன்ஃபர்ம்டு' என்று வருவது உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. பெரிய தளங்களின் நிபந்தனைகளைப் படித்தால், பொருளை அனுப்பிய பிறகுதான் செல்லர் உங்கள் ஆர்டரை ஏற்றதாகக் கணக்கு என்று இருக்கும். திரையில் தெரியும் விலையைச் சட்டம் பொதுவாக 'வாங்க வாருங்கள்' என்ற அழைப்பாகவே பார்க்கிறது.

அதற்காக, எப்போது வேண்டுமானாலும் கேன்சல் செய்துவிட்டுக் கையை உதறிவிடலாம் என்று செல்லர்கள் நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் அமேசான் இந்தியா தளத்தில் 23,499 ரூபாய் லேப்டாப் ஒன்று 190 ரூபாய்க்கு வந்தது. ஒடிசாவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் படிப்புக்காக அதை ஆர்டர் செய்தார். சில மணி நேரத்தில் ஆர்டர் ரத்து. அவர் விடவில்லை. 2021இல் மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு, அபராதம், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கொடுக்கும்படி அமேசானுக்குச் சொன்னது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 22ஆம் பிரிவும், ஒரு தரப்பு மட்டும் தவறு செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்திலிருந்து நழுவ விடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை சிங்கப்பூரில் நடந்தது. 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில் 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள ஹெச்பி லேசர் பிரிண்டரின் விலை 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. ஊழியர் பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த விலை அப்படியே தளத்துக்குப் போய்விட்டதுதான் காரணம். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்பி, இது விலைப் பிழையாக இருக்குமோ என்று பேசிக்கொண்டே ஆர்டர் போட்டார்கள். வழக்குத் தொடர்ந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606 பிரிண்டர்கள்! தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள் என்று சொல்லி உயர் நீதிமன்றம் 2004இல் வழக்கைத் தள்ளியது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

இரண்டும் வேறு வேறு நாட்டுச் சட்டம்தான். ஆனாலும் என் கண்ணில் படும் வித்தியாசம் எண்ணிக்கை. ஒருவர் தன் தேவைக்கு ஒன்று கேட்டார். மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் அள்ளப் பார்த்தார்கள். மளிகைக் கடை அண்ணாச்சி கணக்குத் தவறி 500 ரூபாய் அதிகம் கொடுத்தால் திருப்பித் தருகிற நாம், ஆப்பில் அதே தவறு நடந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டு ஆளுக்கு ஐந்து வாங்கச் சொல்கிறோம். நம்ப முடியாத விலை என்றால் தேவைக்கு ஒன்று மட்டும் போடுங்கள். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் ரீஃபண்ட் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, அடிமாட்டு விலையெல்லாம் விலைப் பிழை அல்ல. பெரிய தளத்தின் பெயரையும் நிறத்தையும் காப்பியடித்த போலிப் பக்கத்தில் 99 ரூபாய்க்கு போன் தெரிந்தால் அது தூண்டில். தளத்துக்கு வெளியே யுபிஐயில் பணம் அனுப்பச் சொல்கிறார்களா, உடனே வெளியேறிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

செல்லர்கள் செய்யும் பெரிய தவறு, பொய்

விலை எப்படித் தவறுகிறது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். ஈரோட்டிலிருந்து பெட்ஷீட் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு டிசைன்களை எக்செல் ஷீட்டில் மொத்தமாக ஏற்றுகிறார். ஒரு வரிசை நழுவினால் தலையணை உறையின் விலை டபுள் பெட்ஷீட்டுக்குப் போய்விடும். மூன்று பெட்ஷீட் கொண்ட செட்டுக்கு ஒற்றை பெட்ஷீட்டின் விலையைப் போட்டுவிடுவது இன்னும் சகஜம். தாம் கொடுத்த தள்ளுபடியின் மேல் தளத்தின் கூப்பனும் சேர்ந்து விலை அடக்கத்துக்குக் கீழே போவதும் உண்டு.

சில நேரம் மனிதக் கையே தேவையில்லை. போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தானாக விலை மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2014 டிசம்பர் 12 அன்று மாலை, ரீப்ரைசர்எக்ஸ்பிரஸ் என்ற அப்படியொரு மென்பொருள் பழுதாகி, அமேசான் பிரிட்டன் தளத்தில் பல சிறு வியாபாரிகளின் சரக்குகள் ஒரு பென்னிக்கு விற்றன. பெரும்பாலான ஆர்டர்களை அமேசான் ரத்து செய்தாலும், அதற்குள் கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டவை போனவைதான். தானியங்கி விலை வைப்பவர்கள் 'இதற்குக் கீழே போகாதே' என்ற குறைந்தபட்ச விலையைக் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மாட்டிக்கொள்வது எளிது.

சரி, தவறிவிட்டது. அடுத்து என்ன? முதலில் லிஸ்டிங்கை, அதாவது பொருளை விற்பனைக்கு வைத்திருக்கும் பக்கத்தை, நிறுத்த வேண்டும். வாடிக்கையாளருக்கு மெசேஜ் அதற்கு அப்புறம். ஒன்றிரண்டு ஆர்டர்தான், நஷ்டம் தாங்கும் என்றால் அனுப்பிவிடுவதே நல்லது. தாங்காது என்றால் அன்றைக்கே உண்மைக் காரணத்தைச் சொல்லி ரத்து செய்யலாம். 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே பொருளைச் சரியான விலையில் மீண்டும் ஏற்றுவதுதான் ஒற்றை ஸ்டாருக்குத் தகுதியான வேலை. வாங்கியவர் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்காமலா இருப்பார்?

இதைவிடத் தந்திரமான ஒன்று இருக்கிறது. செல்லரிடமிருந்து போன் வரும்: "சார், விலை தப்பா போட்டுட்டோம். நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, 'வேண்டாம்'னு காரணம் போட்டுடுங்க." ஏன் இந்தக் கெஞ்சல்? அமேசானில் செல்லர் தானாக ரத்து செய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாங்கியவர் கேட்டு ரத்தானால் அது இந்தக் கணக்கில் வராது. அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு நீங்கள் சம்மதித்தால் அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் பிறகு புகார் செய்யும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் நீங்களாக கேன்சல் செய்யாதீர்கள். 'வாங்கியவரே வேண்டாம் என்றார்' என்று பதிவாகிவிட்டால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஸ்டார் போடும் இடத்தில்

பொருளுக்கான ரிவ்யூ வேறு, செல்லருக்கான ஃபீட்பேக் வேறு. ஆர்டர் ரத்தான கோபத்தை மிக்ஸியின் பக்கத்தில் கொட்டினால், அந்த மிக்ஸி நன்றாக அரைக்குமா என்று பார்க்க வந்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. கூரியர் பையன் தாமதமாக வந்ததற்கும் செல்லரை அடிக்கக் கூடாது, குறிப்பாக டெலிவரி தளத்தின் பொறுப்பில் இருக்கும்போது.

ஒரு ஸ்டாருக்கு என்ன எடை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமேசானில் குறையுள்ள ஆர்டர்களின் விகிதம் அறுபது நாள் கணக்கில் 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு ஸ்டார் ஃபீட்பேக்குகளும் அதில் சேரும். இரண்டு மாதத்தில் நூறு ஆர்டர் பார்க்கும் சிறு வியாபாரிக்கு ஒரே ஒரு ஒற்றை ஸ்டார் போதும், எல்லையைத் தொட்டுவிடுவார். பெரிய செல்லருக்கு அது கொசுக்கடி.

'ஃப்ராடு' என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "செவ்வாய் ஆர்டர் செய்தேன். புதன் காலை விலை தவறு என்று சொல்லி ரத்து செய்தார்கள். ரீஃபண்ட் நான்கு நாளில் வந்தது. தவறைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பதில் சொன்னார்கள்." இதற்கு மூன்று ஸ்டார் சரியாக இருக்கும். காரணத்தை மறைத்து, ரீஃபண்டையும் இழுத்தடித்தால் ஒன்று. தவறிய விலைக்கே அனுப்பிவிட்டால் ஐந்து போட யோசிக்காதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதினால் செல்லர் மறுக்க முடியாது. 'திருடன்' என்று எழுதினால் அவதூறு வழக்கு வரை இழுக்க இடம் கொடுக்கிறீர்கள்.

'அந்த விலைக்கே அனுப்பு, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்' என்று மிரட்டுவதை ஈபே போன்ற தளங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன. ஈபேயில் ஒரு காலத்தில் செல்லரும் வாங்கியவருக்கு மோசமான ஃபீட்பேக் போடலாம். பழிவாங்கலுக்குப் பயந்து வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கியதால் 2008இல் அதை நிறுத்தினார்கள். இன்று செல்லருக்கு மிச்சம் இருப்பது பொதுவில் பதில் எழுதும் வசதிதான். அதில் சண்டை போடாமல் 'விலை எங்கள் தவறு, இந்தத் தேதியில் பணம் திருப்பிவிட்டோம்' என்று இரண்டு வரி எழுதினாலே அடுத்து வருபவர் நம்புவார்.

பெட்டிக்குள் 'ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய்' என்று ஒரு அட்டை இருக்குமே, அதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ரிவ்யூவை அழிக்கப் பணம் தருகிறேன் என்பதும் அதே வகைதான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் செல்லரே வாங்கியவர் போல நடித்து ரிவ்யூ எழுதத் தடை விதிக்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனால் அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது.

பணம் வரவில்லை என்றால் ரேட்டிங் பக்கத்தில் எழுதி ஆவதொன்றும் இல்லை. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதே 2020 விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விலை தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் எண், ரத்து மெசேஜ் மூன்றையும் அழைப்பதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்டிங் பக்கம் அதற்குள் மாறியிருக்கும்.