கொலு பொம்மைகளுக்கு வீட்டிலேயே கண்ணாடி அலமாரி செய்யலாம், வாங்க

கொலு முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த புரட்டாசி வரை அதுகளை யாரும் பார்ப்பதில்லை, இறக்கும்போது ஒன்றிரண்டுக்கு மூக்கு போயிருக்கும். நல்ல பொம்மைகளை மட்டுமாவது வருஷம் முழுக்கக் கூடத்தில் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடிக்கிற வேலைதான். ஆனால் வேறு ஊர்க்காரர்கள் வீடியோவில் காட்டுவதை அப்படியே பார்த்துச் செய்தால் நம் காவிரி டெல்டாவில் நிற்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வயல், வாய்க்கால், சுவர் எல்லாமே ஊறிக் கிடக்கும். சித்திரை வைகாசியில் அதே வீடு காய்ந்து வறண்டுவிடும். மரம் அறுத்து எத்தனை வருஷம் ஆனாலும் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் அத்தனை அசைவும். ரொம்ப அடங்கிய மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே ஓரடி அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையில் அரை நூல் வரை ஏறி இறங்கும் (எட்டு நூல் ஓர் அங்குலம், மரவேலையில் இந்தக் கணக்குதான் வசதி). அந்தப் பலகையை நாலு பக்கமும் ஆணியடித்து, பசை போட்டு இறுக்கினால் அது வெடிக்கும், இல்லையென்றால் சட்டத்தைத் தள்ளிக் கண்ணாடியை உடைக்கும். அதனால் இந்த அலமாரியில் எங்கே இறுக்குகிறோம் என்பதைவிட எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

மரம் வாங்கப் போகும்போது புது மரத்தைவிடப் பழைய மரத்தைத் தேடுங்கள். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது கதவு, நிலை, உத்திரம், தூண் எல்லாம் விலைக்கு வரும். ஐம்பது அறுபது வருஷம் இதே காற்றில் இருந்து அடங்கிய மரம் அது. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளிலிருந்து வரும் ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்து வாங்குவதும் இதற்காகத்தான், பச்சை மரத்தில் கடைந்தால் குழல் நிற்காது. (அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் ஊர் மரவேலைக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்றே நினைக்கிறேன்.) பழைய மரத்தில் ஒரே ஒரு தொல்லை, உள்ளே ஆணி இருக்கும். ஒரு காந்தத்தை மெதுவாக எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாமல் தலை முறிந்து கிடக்கிற ஆணிகூட இழுக்கும். அதையெல்லாம் பிடுங்காமல் இழைப்புளியை (மரம் இழைக்கிற கருவி) வைத்தால் அதன் தகடு போச்சு.

பழைய தேக்கு கிடைக்கவில்லையென்றால் பூவரசு நல்ல மரம். வாய்க்கால் கரையில் நிற்பதால் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் வைரம் பாய்ந்த பூவரசு இழைத்தால் உள்ளே செம்பழுப்பு நிறம் அவ்வளவு அழகு. பலாவும் அருமை. தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்கிறார்கள், தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அந்தக் காலத்தில் பலாப் பலகைதான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலாவை அறுத்துப் போட்டு வைத்தவர்கள் இன்னும் சில பேர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், அது இப்போது நன்றாகக் காய்ந்திருக்கும். மாமரத்தில் பூச்சி சீக்கிரம் விழும், அதைத் தவிர்க்கலாம். வாகையை இழைத்தால் தும்மல் பின்னியெடுக்கும், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். எந்த மரமானாலும் ஓரத்தில் இருக்கும் வெளிர் நிற வெள்ளைப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், உளுப்பதும் கரையான் பிடிப்பதும் முதலில் அங்கேதான்.

அளவுக்கு வருவோம். கால் சேர்த்து உயரம் 36 அங்குலம், அகலம் 24, ஆழம் 12. உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. தலையாட்டிப் பொம்மை வைப்பதாக இருந்தால் ஆழத்தைக் குறைக்க வேண்டாம், ஏன் என்றால் அது சாய்ந்து ஆடி எழ நாலு பக்கமும் இடம் வேண்டும். நாட்டியப் பொம்மை வேறு மாதிரி. பாவாடை, இடுப்பு, தலை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும், பக்கத்துத் தெருவில் லாரி போனாலே கை ஆடும். அந்தக் கையும் பாவாடை விளிம்பும் கண்ணாடியில் இடித்தால் வண்ணம் உரிந்துவிடும். பொம்மையை ஒரு காகிதத்தின் மேல் வைத்து, முழுசாக ஆட்டிவிட்டு, அது எட்டுகிற எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லையென்றால் மரம் அறுக்கும் முன்பே ஆழத்தைக் கூட்டிவிடுங்கள்.

சட்டங்கள் எல்லாம் ஒன்றரைக்கு ஒன்றரை அங்குலம். கால் 36 அங்குலத்தில் நான்கு, கீழ்ச் சட்டத்துக்கு அடியில் 6 அங்குலம் கால் தெரியும். முன்னும் பின்னும் மேலும் கீழும் போகிற குறுக்குச் சட்டம் 23 அங்குலத்தில் நான்கு, பக்கவாட்டுக்கு 11 அங்குலத்தில் நான்கு. கதவுச் சட்டத்தையும் சேர்த்துச் சேதாரத்தோடு 36 அடி இருந்தால் தாராளம். நீளவாக்கில் பிளப்பதை மரவாடியிலேயே மெஷினில் கொடுத்து முடித்துவிடுங்கள். தயவுசெய்து ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடைப் போட்டு வீட்டில் பிளக்காதீர்கள். மரத்தில் சிக்கினால் மெஷின் எகிறும், கையைக் காப்பாற்ற நேரம் இருக்காது. நிறைய பேர் போட்டு ஓட்டுகிறார்கள், அதனால் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

வீட்டில் வேண்டியது ஒரு கை ரம்பம், ஒரு இழைப்புளி, அரை அங்குல உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம், ட்ரில் மெஷின், கிளாம்ப் நான்கு. உளியைத் தீட்டப் பழகுங்கள், அது ஒன்றே பாதி வேலை. முழங்கை முடியைச் சிரைக்கிற அளவுக்குக் கூர் இருந்தால் கையில் பலமே வேண்டாம், மழுங்கின உளிதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும்.

மூலைகளை ஸ்க்ரூ போட்டு இணைக்காமல் கழுந்தும் (சட்டத்தின் நுனியில் நாக்கு மாதிரி செதுக்குவது) அது போய் உட்காரும் துளையுமாகச் செய்யச் சொல்வேன். ஸ்க்ரூ போட்டது இரண்டு மழைக்காலம் போனால் தளரும். கழுந்தின் கனம் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 நூல் சட்டத்துக்கு 4 நூல், அரை அங்குலம். உங்கள் உளியும் அரை அங்குலம்தான் என்பதால் துளையின் அகலம் தானாக அமைந்துவிடும். நீளம் ஓர் அங்குலம். ஒரே காலில் முன் சட்டமும் பக்கச் சட்டமும் உள்ளே வந்து ஒன்றையொன்று முட்டும், அதனால் இரண்டு கழுந்தின் நுனியையும் 45 டிகிரியில் சீவிவிடுங்கள். துளையை முதலில் போடுங்கள், அப்புறம் அதற்கேற்பக் கழுந்தை அறுங்கள். தடித்த கழுந்தை இழைத்து மெலிதாக்கலாம், பெரிதான துளையைச் சின்னதாக்க முடியாது. கையால் அழுத்தினால் முக்கால்வாசி போய், மிச்சத்துக்குக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதுதான் சரியான பிடிப்பு.

பசை போடும் முன் மொத்தத்தையும் ஒருமுறை பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். பிறகு பெவிகால் மரைன் மாதிரி தண்ணீர் தாங்குகிற பசையைத் துளைக்குள்ளும் கழுந்திலும் மெலிதாகத் தடவிப் பூட்டி, கிளாம்பை மாட்டியதும் முதல் வேலையாக மூலைவிட்டத்தை அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன. ஒன்று கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் கிளாம்பைச் சாய்த்து மாட்டி இழுக்க வேண்டும், பசை காய்வதற்குள். கிளாம்ப் போதவில்லையென்றால் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி நடுவே ஒரு குச்சியை விட்டு முறுக்கினாலும் நன்றாகவே இறுகும். ஒருநாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போது மேல் பலகையும் அடிப் பலகையும். இவை அகலமானவை, அதனால் ஆரம்பத்தில் சொன்ன விட்டுக்கொடுப்பு இங்கேதான். மரத்தின் ஓட்டம் (நார் போகிற திசை) இடமிருந்து வலமாகப் போகும்படி வையுங்கள், அசைவு முன்பின்னாக இருக்கும். முன் சட்டத்தில் ஸ்க்ரூவை இறுக்குங்கள். பின் சட்டத்தில் துளையை முன்பின்னாக நீட்டி, முட்டை வடிவில் அறுத்து, வாஷர் போட்டு அளவாக முடுக்குங்கள், பலகை நகர்ந்துகொள்ளும். பசை எங்கேயும் வேண்டாம். அடிப் பலகைக்குப் பின்னால் ஒரு நூல் இடம் விட மறக்காதீர்கள். முதுகுக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும், பிளைவுட் இப்படி அசையாது, சும்மா ஸ்க்ரூ போடலாம். ஆனால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளையாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான பிளை ஓதம் ஏறிய சுவரோரம் இரண்டே வருஷத்தில் இதழ் இதழாகப் பிரியும்.

கண்ணாடியை இதுவரை வாங்கியிருக்கக் கூடாது. கணக்குப்படி பக்கவாட்டுத் திறப்பு 9-க்கு 27 அங்குலம் வர வேண்டும், கையால் செய்த வேலையில் அப்படியே வராது. பூட்டிக் காய்ந்த பிறகு ஒவ்வொரு திறப்பையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்து, அதிலும் ஒரு நூல் குறைத்துச் சொல்லுங்கள். பக்கத்துக்கும் கதவுக்கும் 4 மி.மீ. போதும். பொம்மை நிற்கும் தட்டுக்கு 8 மி.மீ. டஃபன் கண்ணாடி, ஓரம் பாலிஷ் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். மண் பொம்மை கனமானது, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கண்ணாடியைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு பீடிங் (மெல்லிய மரப் பட்டி), வெளியே ஒரு பீடிங். உள் பீடிங்கைப் பசை வைத்து ஒட்டலாம், வெளி பீடிங்கைச் சின்ன ஸ்க்ரூவில் நிறுத்துங்கள், நாளைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் கழற்றலாம்.

கதவுக்கு ஒரு அங்குலக் கனத்தில் சட்டம், பித்தளைக் கீல் இரண்டு. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இரும்புக் கீல் சீக்கிரம் துருவேறும், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ மெத்தென்றது, காய்ந்த தேக்கில் நேராக முடுக்கினால் தலை முறியும். முதலில் ட்ரில் போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, அப்புறம் பித்தளையில் மெழுகு தடவி ஏற்றுங்கள். கதவைச் சுற்றி எவ்வளவு இடைவெளி என்பது எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயில் காலத்தில் செய்தால் ஒரு நூல் விடுங்கள், கார்த்திகையில் மரம் ஊதி அதை நிரப்பிக்கொள்ளும். மழைக்காலத்திலேயே செய்தால் அரை நூல் போதும்.

உப்புத்தாளில் 120, 180, 240 நம்பர் என்று வரிசையாக மரத்தின் ஓட்டத்தோடு தேயுங்கள். பாலிஷ் உங்கள் விருப்பம். எனக்குப் பழைய மரத்தில் அரக்குப் பாலிஷ்தான் பிடிக்கும், பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு மெல்லிசாகப் பூசப் பூச மரத்தின் ரேகை மேலே எழுந்து வரும். ஆனால் மழை ஈரத்தில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். எதைப் பூசினாலும் வாசனை முழுக்கப் போகும் வரை கதவைத் திறந்தே வையுங்கள், அதற்குள் பொம்மையை வைத்தால் அந்த ஆவி வண்ணத்துக்கு ஆகாது.

கால் அடியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மரத்தின் வெட்டு முகம் தண்ணீரை உறிஞ்சுகிற இடம் அது. இரண்டு மூன்று கை எபாக்ஸி தடவி, கீழே ஒரு கிரானைட் துண்டு வையுங்கள். ஓதம் ஏறும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, முற்றத்து வெயில் நேராக விழாத இடமாக நிறுத்துங்கள். பின்னால் கை நுழைய இடம் இருந்தால் கரையான் புற்று ஏறுகிறதா என்று அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே ரசகற்பூரம் (பாச்சை உருண்டை) போடுவதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் ஈரம் அடங்கும்.

முதல் கார்த்திகையில் கதவு கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். உரசுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருங்கள். மாசியில் தானாக விலகிவிட்டால் விட்டுவிடலாம், அப்போதும் உரசினால் அந்தக் கோட்டை மட்டும் இரண்டு சீவு சீவினால் போதும்.