ராமேஸ்வரத்துக்கு மழைக்காலத்தில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஏப்ரல், மே விடுமுறையில் ராமேஸ்வரம் போய் வெயிலில் வதங்கியவர்கள், அடுத்த தடவை ஐப்பசிக்கு மேல் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பது நியாயம்தான். வெயில் தணிந்திருக்கும், தனுஷ்கோடி மணலில் கால் சுடாது. ஆனால் மே மாதம் பார்த்த அதே கடல் டிசம்பரிலும் இருக்கும், கூட்டமும் அறை வாடகையும் மட்டும் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினால் இரண்டிலும் ஏமாறுவீர்கள்.

முதலில் கூட்டம். மற்ற கடற்கரை ஊர்கள் கோடை முடிந்ததும் ஓய்ந்துவிடும். இது கோயில் ஊர். புரட்டாசியில் மகாளய அமாவாசை, கார்த்திகை பிறந்தால் சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், நடுவில் அரையாண்டு விடுமுறை, அப்புறம் தை அமாவாசை என்று வரிசையாக வரும். ஒன்றாம் தேதியிலோ அமாவாசையிலோ போய் இறங்கிவிட்டு, ‘சீசன் இல்லாத நேரத்தில்கூட ரூம் கிடைக்கவில்லை’ என்று புலம்பிப் பயனில்லை. டிக்கெட் போடும் முன் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். என்னைக் கேட்டால், தை அமாவாசை கழிந்து மாசி சிவராத்திரி வருவதற்குள் போவதே உத்தமம். மழையும் ஓய்ந்திருக்கும்.

அடுத்தது கடல். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். தீவுக்கு வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பெண் கடல், சாது. தெற்கே இருப்பது ஆண் கடல், முரடு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி சாலையில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும்: இடப்பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும், வலப்பக்கம் அலை மடார் மடாரென்று அடிக்கும். வாடைக்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பாக் ஜலசந்திப் பக்கம் கரையில் நேராக மோதுகிறது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிடும், அலை உயரும். தெற்குப் பக்கம் தீவின் மறைவில் இருப்பதால் ஓரளவு அடங்கிவிடும். கோடைப் பயணத்தில் யாரோ சொன்னதை நம்பி, டிசம்பரில் ‘இது பெண் கடல்தானே’ என்று குழந்தைகளை இறக்கிவிடுவது பெரிய தவறு. எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதை அன்றைய காற்றைப் பார்த்து, கரையில் வலை உலர்த்துகிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தெற்குப் பக்கம் அடங்கியிருக்கிறது என்பதற்காக, தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. அங்கே எந்த மாதமும் கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது. நாலு அடி வைப்பதற்குள் காலடி மணல் சரிந்து ஆழமாகிவிடும்.

இன்னொரு விஷயம், கடல் உள்வாங்குவது. காற்று மாறும் நாட்களில் பாம்பன், ராமேஸ்வரம் கரையோரத்தில் தண்ணீர் பின்வாங்கி நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். பாசி படிந்த பாறைகள், கடற்புல், நட்சத்திர மீன் எல்லாம் வெளியே தெரியும். பார்க்க வேடிக்கையாக இருக்கிறதென்று செருப்பில்லாமல் உள்ளே நடக்காதீர்கள். பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தால் பவளப் பாறையின் விளிம்பு கத்திபோலக் கிழிக்கும். தண்ணீர் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பவளத் துண்டை ஞாபகார்த்தமாகப் பைக்குள் போடுவதும் வேண்டாம், வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

செல்போனில் மேகப் படத்தைப் பார்த்து ‘மழை இல்லை’ என்று கிளம்புகிறார்கள். இங்கே மழையைவிடக் காற்றுதான் திட்டத்தைக் கலைக்கும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்ன எண் என்று விசாரியுங்கள். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் எங்கோ காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, பதற வேண்டாம். மூன்றாம் எண் என்றால் பலத்த காற்று இந்தத் துறைமுகத்தையே தொடலாம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் நீங்கள் அங்கே இருக்கவே கூடாது. அதைவிட எளிய வழி, மீனவர்களுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தார்களா என்று காலையில் டீக்கடையில் கேட்பது. காற்றுக்குப் பயந்து கொடுக்கவில்லை என்றால் சுற்றுலாப் படகும் ஓடாது. தனுஷ்கோடி சாலையையும் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள்.

ரயிலை முழுக்க நம்பித் திரும்பும் நாளை இறுக்கமாகப் போடாதீர்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் வந்துவிட்டது, ஆனாலும் கடும் காற்றில் ரயில் காத்திருக்கத்தான் வேண்டும். மறுநாள் காலை மதுரையில் விமானம் என்றால் முந்தைய நாளே தீவைத் தாண்டிவிடுங்கள்.

வறண்ட மாவட்டம்தானே, எவ்வளவு பெய்துவிடப் போகிறது என்பதும் தப்புக் கணக்கு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. லாட்ஜில் தரைத்தள அறையைத் தவிர்ப்பது நல்லது. கோயிலில் 22 தீர்த்தமும் ஆடினால் ஈரத்துணி சேரும், அந்த ஈரப்பதத்தில் எதுவும் காயாது. மாற்று உடையைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியைச் சாயங்காலத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், இருட்டுவதற்குள் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து போகவர நாற்பது கிலோமீட்டர் பக்கம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு பைக்கில் போகிறவர்கள் அதிகம். காற்றடிக்கும் நாளில் சாலையில் மணல் படர்ந்திருக்கும், வேகமாகப் போய் பிரேக் பிடித்தால் சறுக்கிவிடும். வழியில் மழை பிடித்தால் ஒதுங்க ஓலைக் கொட்டகைக் கடைகளை விட்டால் வேறு இடமில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் சிதைந்த தேவாலயத்துக்குக் கூரையே கிடையாது. மிச்சமிருக்கும் பவளக்கல் சுவர்களும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுப்பதையாவது நிறுத்தலாம்.

இந்தக் காலத்தில் போய்விட்டுப் பூநாரைகளைப் பார்க்காமல் வருகிறவர்களும் உண்டு. கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியிலும், சாலையோரத்து ஆழமில்லாத நீர்நிலைகளிலும் குளிர்கால மாதங்களில் கூட்டமாக நின்று இரை தேடும். 2025-ல் அரசு இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அப்படி எழுப்பிப் படம் எடுப்பதற்காகவே கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சாலையிலேயே நின்று பைனாகுலரில் பாருங்கள், பறவை அசையாமல் மேய்வது அழகாகத் தெரியும்.

மீன் சாப்பிடவென்றே போகிறவர்களுக்குக் கோடையைவிட இது நல்ல காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அதனால் மே மாதம் வருகிறவர்களுக்குத்தான் வரத்துக் குறைவு. மழைக்காலத்தில் படகு போகாத நாட்கள் தொடர்ந்து வந்தால் மட்டும் கவனம் தேவை. தட்டில் மசாலா தடவி வைத்ததைக் காட்டினால், பொரிப்பதற்கு முன்னால் இருக்கும் முழு மீனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். செவுள் சிவப்பாக இல்லையென்றால் பேசாமல் முட்டைத் தோசை சொல்லிவிடுங்கள்.